கோள்களும் அளவைகளும்

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் சூரியக் குடும்பம் ஒரு பாடம். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது என்று சென்னையை அடுத்த படூரில் படிக்கும் பிள்ளை அதில் கற்கிறாள். சனிக்கிழமை கோயிலில் நவக்கிரகங்களை ஒன்பது சுற்று வருபவளும் அவள்தான். இவற்றில் எது அறிவு, எது நம்பிக்கை என்று கேட்டால் படித்தவர்கள் சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு துணிவில்லை. சைவ சித்தாந்தம் அறிவு வரும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளில் அடக்குகிறது; அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் முதலில் அளவைகளைப் பேசிவிட்டுத்தான் மேலே செல்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், பூமி சுற்றுவதை அந்தப் பிள்ளை கண்டதில்லை. கண்ட ஒன்றிலிருந்து கருதி அறிந்ததுமில்லை. அதை டீச்சர் சொன்னார், கிரகபலனைப் பாட்டி சொன்னாள். பொருள் வேறானாலும் இரண்டும் அவளுக்கு உரை வழியாகவே வந்தவை.

பாடம் உண்மையாக இருக்கும்போது வழி எதுவானால் என்ன என்று கேட்கலாம். ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட காலசங்கலித நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியவர். அசரவைக்கும் நினைவாற்றல். ஆனால் அந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் எழுதுகிறார். (கும்பினி காலத்து அதிகாரியின் மதிப்பீட்டைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்கவேண்டும்.) புதனில் தொடங்கி நெப்டியூன் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையும் அவர் வழியில்தான் நிற்கிறாள், அவருடைய பயிற்சிகூட இல்லாமல்.

குழுச் செயல்பாடு தேவைப்படுவது இங்கேதான். ஆனால் எட்டுப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, மஞ்சள் சட்டை போட்ட ஒருவனைச் சுற்றி ஓடுவதை நான் செயல்பாடு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அது உரையை நாடகமாக்குவது, ஆண்டுவிழாவுக்குப் பொருந்தும். படூர் ஏறத்தாழ 12.8 பாகை வடக்கு அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட கம்புக்கு அப்போது பக்கவாட்டில் நிழல் விழாது. ஐந்து குழுக்கள் ஐந்து கம்புகளை நட்டு, ஆகஸ்ட் முழுவதும் வானம் தெளிந்த நாட்களில் மிகக் குறுகிய நிழலை அளக்கட்டும். ஐந்து அளவுகளும் ஒத்துப்போகாது. ஒரு கம்பு சாய்ந்திருக்கும்; ஒரு குழு சரியாகப் பன்னிரண்டு மணிக்கே அளந்து முடித்திருக்கும், அந்த நாட்களில் இங்கே உச்சிப்பொழுது 12.13 வாக்கில் வருகிறது என்று அறியாமல். சித்தாந்தம் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று பிரித்துச் சொல்லும் பிழைகள் இவை. தனியே அளப்பவருக்குத் தன் திரிபு தெரியாது. பக்கத்துக் குழுவோடு சண்டை போட்டால்தான் தெரியும். குழுவாகச் செய்வதன் பயன் அந்தச் சண்டை. படூரில் நிழல் விழாத அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் 8 சென்டிமீட்டர் அளவுக்குத் தெற்கே விழும். அங்குள்ள ஒரு பள்ளியிடம் போனில் கேட்டு, வடக்கு தெற்காக உள்ள தூரத்தையும் சேர்த்தால் பூமியின் சுற்றளவைப் பிள்ளைகளே கருதி அறியலாம்.

எல்லாவற்றையும் இப்படிக் கண்டறிய முடியாதே என்பது நியாயமான மறுப்பு. சூரியனை 1.4 மீட்டர் உருண்டையாக வைத்தால் பூமி 150 மீட்டர் தள்ளி ஒரு கோலிக்குண்டு. நெப்டியூனுக்குக் கேளம்பாக்கம் சாலையில் நான்கரை கிலோமீட்டர் போகவேண்டும். அடுத்த விண்மீனுக்கோ 40,000 கிலோமீட்டர், பூமியையே ஒரு சுற்று. இந்தத் தூரங்களை உரையாகத்தான் ஏற்கிறோம். ஆனால் ஒரு பகுதியைத் தானே சோதித்தவள் ஏற்கும் உரை வேறு வகையானது. சொன்னவரிடம் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்கலாம், அதற்கு விடை உண்டு என்று அவளுக்குத் தெரியும். வேறொரு பக்கத்திலிருந்து, நவக்கிரக மேடையில் சூரியன் நடுவில் இருக்கிறதே, முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். அந்த மேடையில் பூமி இல்லை; சந்திரன் சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கிறது; ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகள். அது வழிபாட்டு அமைப்பு. அதை வான்வரைபடமாக்குவது கோயிலுக்கும் மரியாதை இல்லை, கிரகணத்துக்கு நிழலே காரணம் என்று எழுதிய ஆரியபட்டருக்கும் இல்லை. பக்தி போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சவும் வேண்டாம்: கம்பு அளப்பது நிழலை மட்டும்தான். கிரகண நேரத்தில் சமைத்த சோறு கெடும் என்பது போன்ற, சோதிக்கத்தக்க கூற்றுகளை மட்டும் பிள்ளை சோதிப்பாள். அதைத் தடுக்க எந்தச் சமயத்துக்கும் உரிமை இல்லை.

நாற்பது நிமிடப் பீரியடில் இதற்கு ஏது நேரம் என்பார்கள். நிழல் அளக்க நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஏப்ரல் வாய்ப்பு தேர்விலும் விடுமுறையிலும் போய்விடும். ஆகஸ்டில் பள்ளி திறந்திருக்கும். படூர் ஆசிரியர்கள் ஜூலைக் கடைசியிலேயே கம்புகளை நட்டுவிடவேண்டும்.