சாபமா, சிதறலா?

ஒரே வருஷத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று சாவு. "அந்த வீட்டுல ஏதோ சாபம் இருக்கு" என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன். அந்தத் தாயின் காதில் அது விழுந்தது.

1944-ல் லண்டன்மேல் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, சில பகுதிகளையே குறிவைக்கிறார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். கிளார்க் என்பவர் தென் லண்டனை 576 கட்டங்களாகப் பிரித்து எண்ணி, 1946-ல் வெளியிட்டார். குண்டுகள் 537. ஆனாலும் 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை; 7 கட்டங்களில் நான்கு நான்கு விழுந்தன. குறியே இல்லாமல் விழுந்தாலும் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான் வரும்!

சிதறி விழுவது சமமாய் விழாது, கொத்தாகவும் விழும். அந்தக் கொத்தைக் கண்டு நாம் குற்றவாளியைத் தேடுகிறோம். துக்க வீட்டுக்குக் காரணம் சொல்லப் போகாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.