அடுப்படியில் ஐந்து வேள்விகள்

இல்லறத்தானின் வீட்டில் ஐந்து இடங்களில் உயிர்க்கொலை நேர்கிறது என்று ஸ்மிருதி நூல்கள் கூறுகின்றன. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகியவையே அவை. வடமொழியில் இவற்றைப் 'பஞ்ச ஸூனா' என்பர். ஸூனா என்றால் கொலைக்களம். கேட்பவரைத் திடுக்கிட வைக்கும் சொல் இது. தாய் தன் குழந்தைகளுக்கு அன்னம் ஆக்கும் இடத்தை நூலோர் இந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். நெருப்பு மூட்டும்போதும், அரைக்கும்போதும், பெருக்கும்போதும், குத்தும்போதும், நீரை மொள்ளும்போதும் எறும்பும் புழுவும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களும் மடிகின்றன. மனிதன் உண்டு உயிர் வாழ வேண்டுமானால் இதை முழுவதுமாகத் தவிர்க்க இயலாது.

அதற்காகச் சமைக்காதே என்று சாஸ்திரம் விதிக்கவில்லை. இதில் தோஷமே இல்லை என்று சமாதானமும் கூறவில்லை. நேர்கின்ற தீங்கை அறிந்திரு, இயன்றவரை குறைத்துக்கொள், பெற்றதைத் திருப்பிக் கொடு என்பதே அதன் கருத்து. அதற்காகவே ஐந்து பெருவேள்விகளை இல்லறத்தானின் அன்றாடக் கடமையாக அது வகுத்தது. வேதம் ஓதுதல் பிரம்ம யக்ஞம். முன்னோர் கடன் பித்ரு யக்ஞம். தேவர்களுக்கு ஆஹுதி அளித்தல் தேவ யக்ஞம். பிற உயிர்களுக்கு உணவிடுதல் பூத யக்ஞம். விருந்தோம்பல் மனுஷ்ய யக்ஞம். கடன்பட்டவன் கடனை அடைப்பதுபோல் இவற்றைச் செய்த பிறகே அவன் உண்ணத் தகுதி பெறுகிறான்.

இயற்கைக்குத் தீங்கு செய்யாத சமையலறை வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். இக்கருத்து அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். பஞ்ச ஸூனாவை அறிந்த இல்லறத்தானுக்கு இது பழைய கடமையே.

வாசலைக் கடந்த தீங்கு

அன்றைய சமையலறைக்கும் இன்றைய சமையலறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று அடுப்பும் அம்மியும் விளைத்த தீங்கு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. செய்தவர் அதைக் கண்ணால் கண்டார். இன்று அது வாசலைக் கடந்து, முகம் அறியாத மனிதர்களைச் சென்று சேர்கிறது.

கேரளத்தின் ஆலப்புழை நகரில் நடந்தது இதற்குச் சான்று. அந்நகரின் குப்பை பல ஆண்டுகளாக அருகிலுள்ள சர்வோதயபுரம் என்ற சிற்றூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நகரத்து வீடுகளில் வாழையிலையும் மீன்முள்ளும் சோற்றுப் பருக்கையும் ஒரே வாளியில் விழுந்தன. வாளி காலியானதும் வீடு தூய்மையாயிற்று. துர்நாற்றமோ சர்வோதயபுரத்துக் குடும்பங்களின் பங்காயிற்று. 2012-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் குப்பை வண்டிகளைத் தடுத்து நிறுத்தினர். தான் கழித்த கழிவு தன் தெருவிலேயே குவிந்தபோதுதான் நகரம் விழித்துக்கொண்டது. வீடுதோறும் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலங்களும், குழாய் வடிவ உரத் தொட்டிகளும் அமைக்கும் திட்டம் அவ்வாண்டிலேயே தொடங்கியது. சமையலறைக் கழிவு அந்தந்த வீட்டிலேயே எரிவாயுவாகவும் உரமாகவும் மாறத் தொடங்கியது. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம், கழிவு மேலாண்மையில் உலகுக்கு முன்மாதிரியாக விளங்கும் ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

நம் வீட்டு வாளி எந்தச் சர்வோதயபுரத்தில் கவிழ்க்கப்படுகிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து இடங்களையும் ஒருமுறை சுற்றிவருவது நல்லது.

அடுப்பு

பசுமை என்றதும் விறகடுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று எண்ணுவது பிழை. காற்றோட்டமற்ற அறையில் விறகுப் புகையைச் சுவாசித்து நுரையீரலும் கண்ணும் கெட்ட தாய்மார் இந்நாட்டில் எண்ணற்றோர். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கியதன் நோக்கமே அந்தப் புகையிலிருந்து அவர்களை விடுவிப்பதுதான். சமைப்பவரை வருத்தும் அடுப்பு தர்மமான அடுப்பு ஆகாது.

ஆனால் எரிவாயுவும் கணக்கில்லாமல் செலவழிக்கத்தக்கதன்று. வீட்டு உபயோக சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது எரிந்து தீரும்போது ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு வானில் கலக்கிறது. பருப்பையும் கடலையையும் முன்னதாகவே ஊறவைத்தல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், கொதி வந்ததும் தீயைத் தணித்தல், பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ படராமல் பார்த்துக்கொள்ளுதல், குக்கரைப் பயன்படுத்துதல் ஆகியவை எல்லாம் எளிய செயல்களே. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பெரும்பாலும் பர்னரில் அடைப்பு இருக்கும். அதைத் துடைத்தால் வாயுவும் மிஞ்சும், பாத்திரமும் கரி பிடிக்காது.

சிக்கனமான அடுப்பைப் பற்றிய சிந்தனை நம் நாட்டுக்குப் புதிதன்று. வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 1910-இல் 'இக்மிக் குக்கர்' என்ற கருவியை அமைத்தார். அடியில் சிறிது கரிநெருப்பு. அதன்மேல் அடுக்கடுக்கான பாத்திரங்களில் சோறு, பருப்பு, காய்கறி. ஒரே நெருப்பின் ஆவியில் ஒரு வேளை உணவு முழுவதும் மெல்ல வெந்துவிடும். இன்று குக்கரில் தட்டு அடுக்கிச் சமைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அதே கருத்துதான் செயல்படுகிறது.

நீர்க்குடம்

குடத்தின் இடத்தில் இன்று பல வீடுகளில் ஆர்.ஓ. கருவி இருக்கிறது. அது ஒரு லிட்டர் குடிநீரைத் தருவதற்குள், பல கருவிகளில் மூன்று லிட்டர் வரை வெளியேற்றிவிடுகிறது. உப்பு மிகுந்த நீர் வரும் இடத்தில் அது தேவையே. நல்ல நீர் வரும் வீட்டில் அது வீண் செலவு. இதனால்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல், கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. கருவி இருந்தாலும் வெளியேறும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம்.

அம்மியும் உரலும்

இவ்விரண்டும் தானியத்தைப் பக்குவப்படுத்துபவை. எனவே அன்னத்தைப் பற்றிய கடமையை இவை நினைவூட்டுகின்றன. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. குறைந்த நீரில் விளையும் கேழ்வரகு, கம்பு, சாமை, தினை முதலியவற்றை வாரத்தில் சில வேளையாவது உண்பது நிலத்துக்கும் உடலுக்கும் நன்மை தரும். இந்தியாவின் முயற்சியால் 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

அதைவிட முக்கியமானது, ஆக்கிய உணவை வீணாக்காமை. இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு, தோல் கொட்டை முதலியவற்றையும் சேர்த்து, குப்பைக்குப் போவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது 220 கிலோ. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. எத்தனை பேர் உண்பார்கள் என்று கேட்டபின் உலை வைப்பதும், மிஞ்சியதை அன்றே பகிர்ந்துகொடுப்பதும் மனுஷ்ய யக்ஞத்தின் பகுதிகளே.

துடைப்பம்

அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவர். பெருக்கி முடித்த ஒருவர் துடைப்பத்தை அலட்சியமாக வீசியெறிந்தபோது, எளிய துடைப்பத்துக்கும் உரிய மதிப்பைக் கொடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று அன்னையார் அறிவுறுத்தினார். மனிதன் உண்ணத்தக்கதை மாட்டுக்குப் போடலாகாது, மாடு தின்னத்தக்கதை நாய்க்குப் போடலாகாது, இரண்டும் உண்ணாததைக் குளத்து மீனுக்கு இடலாம், எதையும் வீணாக்கலாகாது என்பதும் அவர் காட்டிய வழியாகும். கழிவு என்று ஒதுக்குமுன் இது யாருக்கு உணவு என்று அவர் கேட்டுக்கொண்டார்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களையும் இப்படியே பயன்படுத்தலாம். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, நீர் பத்துப் பங்கு சேர்த்து மூடிவைத்து, முதல் மாதத்தில் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றிவந்தால், மூன்று மாதத்தில் தரையும் மேடையும் துடைக்க உதவும் நீர்மம் கிடைக்கிறது. ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவை 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளன. சட்டத்துக்கு அஞ்சி விடுவதைவிட, துணிப்பையும் எவர்சில்வர்த் தூக்கும் எடுத்துச் செல்வதைப் பழக்கமாக்கிக்கொள்வது மேலானது.

மண்ணுக்கு இடும் பலி

முன்னோர் உண்பதற்குமுன் காக்கைக்கும் எறும்புக்கும் ஒரு பிடி வைத்தனர். அடுக்குமாடியில் வாழும் இல்லறத்தானும் பூத யக்ஞம் செய்ய வழி உண்டு. துளையிட்ட ஒரு மண்தொட்டியில் காய்ந்த இலையைப் பரப்பி, அன்றைய காய்கறித் தோலை இட்டு, மீண்டும் காய்ந்த இலையால் மூட வேண்டும். ஈரம் மிகுந்தால் நாற்றம் வரும். அப்போது காய்ந்த இலையைக் கூட்ட வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் தோல் மண்ணாகிவிடும். அந்தத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் உணவு பெறுகின்றன. சமையலறையில் உயிரிழந்த சிற்றுயிர்களின் இனத்துக்கே அங்கு அன்னம் இடப்படுகிறது.

யாருடைய கடமை?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஊறவைப்பதும், பிரித்து வைப்பதும், தொட்டியைக் கிளறுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் ஏறும் புதிய சுமைகளாகிவிடக் கூடாது. பஞ்ச மகா யக்ஞம் குடும்பத் தலைவனுக்கு விதிக்கப்பட்ட கடமை. எனவே சமையலறைக்குள் நுழையாத ஆண்மகன் இந்தக் கடனிலிருந்து தப்பிவிட முடியாது. அவன் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் அந்த ஐந்து இடங்களும் இருக்கின்றன. உரத் தொட்டியை அவன் கவனிக்கட்டும்; பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் பிள்ளைகள் செல்லட்டும்.

ஆலைகள் கக்கும் புகைக்கு முன்னே ஒரு வீட்டின் சிறு முயற்சி எம்மாத்திரம் என்று கேட்போர் உண்டு. ஆலைகளைத் திருத்துவதும் சமுதாயத்தின் கடமையே. ஆனால் பிறன் கடனைக் காட்டித் தன் கடனை ஒருவன் தள்ளிவைக்க இயலாது. செய்பவனும் பிறரைப் பழிக்காமல், பெருமை பாராட்டாமல் செய்யட்டும். முதலில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் தவறாமல் கடைப்பிடித்தபின் அடுத்ததற்குச் செல்லலாம்.

தனக்காக மட்டுமே சமைத்து உண்பவன் பாவத்தையே உண்கிறான் என்னும் கருத்தைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் விளக்குகிறது. பகிர்ந்தளித்து எஞ்சியதை உண்பவனுக்கோ உணவு பிரசாதமாகிறது. வாசலுக்கு அப்பால் இருப்பவரையும், மண்ணுக்குள் இருக்கும் உயிர்களையும், இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளையும் நினைத்து ஏற்றப்படும் அடுப்பு வேள்விக்குண்டமாகும். அத்தகைய அடுப்பு ஒவ்வொரு வீட்டிலும் எரிய இறைவன் அருள்புரிவானாக!