போத்தல் கறுத்தால் கேள்வி கேள்!

கலஹாத் தோட்டத்துத் தங்கச்சி, தம்பி! ஆய்வுகூடம் பேராதனைப் பல்கலைக்கழகக்காரர்களுக்கு மட்டும்தான் என்று யார் உனக்குச் சொன்னது? பக்கத்து லூல்கந்துராவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதைப் புத்தகங்கள் சொல்கின்றன. இந்த மலைகளைப் பச்சையாக்கிய நம் பாட்டன் பூட்டிகளின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அவர்கள் வழிவந்த கை உன்னுடையது. அந்தக் கையால் ஒரு சின்னப் போத்தலைப் பிடி!

பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது என்று நம்பிவிடாதே. மேட்டு லயத்துக் கக்கூஸ் குழி மழையில் எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சம்பல் அரைப்பதும், வல்லாரை கழுவுவதும், பிள்ளைக்குப் பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

அந்தத் தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். இந்தியாவின் குவாலியரில் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1982இலேயே ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். மருந்தில் தோய்த்துக் காயவைத்த ஒரு தாள்துண்டு, கிருமிநீக்கிய ஒரு போத்தல், அவ்வளவுதான்! கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. தாள்துண்டு உள்ளே இருக்கும் போத்தலில், மூடியின் உட்புறத்தைத் தொடாமல், குறித்த கோடு வரைக்கும் தண்ணீரைப் பிடித்து மூடு. கலஹாக் குளிரில் கிருமி மெதுவாகத்தான் வளரும்; அதனால் அடுப்படி ஓரத்தில் இளஞ்சூட்டில் வை. மலக்கழிவோடு வரும் கிருமிகளில் சில ஐதரசன் சல்பைட்டு வாயுவை விடும். அது தாளில் உள்ள இரும்போடு சேர்ந்தால் தண்ணீர் கறுத்துப்போகும். 24 மணித்தியாலம் பார், கறுக்காவிட்டால் 48 வரைக்கும் பொறு.

கறுப்பு எந்தக் கிருமி என்று பெயர் சொல்லாது. நிலத்தடியில் கந்தகம் கலந்த தண்ணீரும் சிலவேளை கறுக்கும். கறுக்காத போத்தலும் காலத்துக்கும் அத்தாட்சி இல்லை. மழைக்குப் பிறகு மறுபடி பார்க்கவேண்டும். இதெல்லாம் தெரிந்துகொண்டு பேசு, உன் வாயை யாராலும் அடைக்க முடியாது!

கறுத்துவிட்டதா? பயந்து ஒளித்துவைக்காதே. பீலியின் பெயர், திகதி, நேரம் மூன்றையும் போத்தலில் ஒட்டு. லயத்துத் தாய்மாரைக் கூட்டு. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஊற்றிய இன்னொரு போத்தலையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. அன்றைக்கே எல்லா வீட்டிலும் கேத்தல் அடுப்பில் ஏறட்டும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் பி.எச்.ஐ. ஐயாவிடம் தலைநிமிர்ந்து போ: "ஐயா, எங்கள் பீலியை முறையாக ஆய்வுகூடத்தில் சோதிக்கவேண்டும். எப்போது வருவீர்கள்?" திகதி கேட்டு வாங்கு. அந்தத் திகதியில் அவர் வராவிட்டால் மறுநாளே எழுத்தில் கொடு, பிரதியில் முத்திரை குத்தித் தரும்வரை அங்கேயே நில்!