சும்மா கிடக்கும் வாட்

ஆடி மாதம். விடியுமுன்பே எங்கோ ஓர் ஊரில் கூம்புக் குழாய் கட்டிவிட்டார்கள். முளைப்பாரிப் பாட்டு வயலைத் தாண்டி, நான்குவழிச் சாலையைத் தாண்டி, என் மொட்டைமாடி வரை வருகிறது. கீழே என் அறையில் விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர்கள், பாதி அறையை நிரப்பவே திணறுகின்றன.

*

மைக் செட் போடும் பெரியவர் ஒருவர் முன்பு சொன்னார்: "வாட்ஸு பெருசில்ல தம்பி, வாய்தான் பெருசு."

ஸ்பீக்கரின் சத்தத்தை ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளப்பது வழக்கம். கூம்புக் குழாய் 106 டெசிபல் அளவில் முழங்கும். சின்னப் பெட்டிக்குள் ஆழமான பேஸ் தரும் வீட்டு ஸ்பீக்கர் பல நேரம் 86 தாண்டாது. இடைவெளி 20தான். ஆனால் 10 டெசிபல் ஏற 10 மடங்கு மின்சாரம் வேண்டும். 20 ஏற 100 மடங்கு. குழாய் 1 வாட்டில் முடிக்கும் வேலைக்கு வீட்டு ஸ்பீக்கர் 100 கேட்கிறது.

கூம்பு சக்தியை உண்டாக்குவதில்லை. சவ்வின் அசைவை, மெல்ல மெல்ல விரியும் வாய் வழியே காற்றின் கையில் சிந்தாமல் கொடுக்கிறது. நாதஸ்வரத்தின் அணைசைப் பார்க்கும்போதும் இதே நினைப்பு வரும்.

*

1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அந்தக் காலத் தியேட்டர்களின் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் கொடுத்தது பெரும்பாலும் சில பத்து வாட்தான். திரைக்குப் பின்னால் நின்றவை கூம்புகள்.

கூம்பை வீட்டுக்குள் கொண்டுவர மனமில்லாதவன் அந்தக் கடனை வாட்டாகக் கட்ட வேண்டும்.

*

தாளில் போட்ட கணக்கு: தியேட்டர் தரத்தில், ஒரு சானலின் உச்சச் சத்தம் காதுக்கு 105 டெசிபல். 86 டெசிபல் ஸ்பீக்கர், 3 மீட்டர் தூரத்தில் நாற்காலி. திறந்தவெளிக் கணக்கில் ஏறக்குறைய 700 வாட். சுவர்கள் திருப்பித் தருவதால் உண்மையில் இதைவிடக் குறையும். 10 டெசிபல் தணித்துக் கேட்கச் சம்மதித்தால் 70 போதும். காதுக்கு அது பாதிச் சத்தம். கரண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு.

*

பெட்டியின் முதுகில் 8 ஓம் என்றிருக்கும். சில சுரங்களில் அது 4க்கோ 3க்கோ இறங்கும். ஓம் பாதியானால் இழுக்கும் மின்னோட்டம் இரட்டிப்பு. அங்கேதான் ஆம்ப் வியர்க்கிறது. மதுரைச் சித்திரை வெயிலில், கதவு அடைத்த அலமாரிக்குள் அதை வைத்தவனுக்கு இது இன்னும் சீக்கிரம் புரியும்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைத் தனி ஆம்ப் கொண்ட சப்வூஃபரிடம் விட்டால் பெரிய பாரம் இறங்கும். இதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

*

பெரிய ஆம்ப் ஸ்பீக்கரைக் கருக்கிவிடும் என்று பயந்து சின்னதாக வாங்கினேன். ஒரு சண்டைக் காட்சியில் குமிழை முழுக்கத் திருகினேன். மேல்சுரங்களுக்கான ட்வீட்டர் ஊமையானது.

ஆம்ப்பின் கூரையில் முட்டிய அலையின் தலை சீவப்படுகிறது. சீவிய விளிம்பிலிருந்து கூரான மேல்சுரங்கள் பிறக்கின்றன. சராசரிச் சூடும் ஏறுகிறது. அந்தச் சூட்டை வாங்குவது ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருள். ஆம்ப்பின் இல்லாமைதான் அதைக் கருக்கியது.

*

சாயங்காலம் ஏ.வி. பாலத்தில் நடந்தேன். 1889இல் கட்டியது. கீழே வைகையில் ஒரு சின்ன ஓடை. சுற்றிலும் மணல், நாணல், மேயும் எருமைகள். இத்தனூண்டு தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு நீளப் பாலம் என்று வெளியூர்க்காரர் கேட்பார். வெள்ளம் பார்த்தவர் கேட்கமாட்டார்.

*

இரவு, புதிதாக வாங்கிய பெரிய ஆம்ப்பில் ஒரு படம். இரண்டு பேர் திண்ணையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு 1 வாட்கூட ஆகவில்லை. மீதி எல்லாம் மணலாகக் கிடந்தது.

இடி விழுந்த அரை நொடி மட்டும் கரை வரை ஏறி, இறங்கியது.