மிருகத்தின் நோவும் மனிதனின் மருந்தும்

மனிதனுடைய வியாதிக்கு மருந்து தேடும்பொருட்டு, அந்த வியாதியை ஒரு மிருகத்துக்கு நாமே வருவிக்கலாமா? இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் நம் பங்குப் பெண் ஒருத்தி எனக்கு எழுதியிருக்கிறாள்: "சுவாமி, செத்த எலிகளின் ஈரலையும் நுரையீரலையும் மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதே என் உத்தியோகம். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?"

சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. மிருகத்துக்கு அழியாத ஆத்துமம் இல்லை, ஆகையால் அதை என்ன செய்தாலும் குற்றமில்லை என்பது ஒன்று. எல்லா உயிரும் சரிசமம், ஆகையால் எலியைக் கொல்வதும் கொலைபாதகமே என்பது மற்றொன்று. முதல் பதிலைச் சொல்கிறவன், ஒரு சிட்டுக்குருவி தரையில் விழுவதும் பரமபிதாவுக்குத் தெரியாமல் இல்லை என்று சேசுநாதர் போதித்ததை மறந்துபோனான். இரண்டாவது பதிலைச் சொல்கிறவன், மனிதர்கள் அநேகம் குருவிகளிலும் மேலானவர்கள் என்று அதே இடத்தில் அவர் சேர்த்துச் சொன்னதை மறந்துபோனான்.

1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மனித உயிரைப் பேணவும் காக்கவும் உதவுமானால், தகுந்த வரம்புக்குள் மிருகங்களைக் கொண்டு பரிசோதிக்கலாம். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மகிமைக்கே விரோதம் என்பது அதன் போதனை. 2015-இல் பிரான்சிஸ் பாப்பானவரும் தம் நிருபத்தில் இதையே நினைப்பூட்டினார். 'தேவையின்றி' என்கிற அந்த ஒரு சொல்லின்மேல்தான் பாரம் முழுவதும் இருக்கிறது. தேவை எது, தேவையற்றது எது என்று யார் கண்டு சொல்வது? இதற்கு நம் மாகாணத்திலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்திய மாது பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கொடிய இரத்தசோகை கண்டு மடிந்துகொண்டிருந்தார்கள். அது சாதாரண இரும்புச்சத்துக் குறைவு அல்ல. இரத்த அணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பருத்துப்போகிற வேறொரு சோகை. சாப்பாட்டில் ஏதோ குறை இருக்க வேண்டுமென்று சந்தேகித்த அவர், நீலகிரியில் குன்னூருக்கு வந்தார். அங்கே பாஸ்டர் நிலையத்தில், உணவுக்கும் வியாதிக்கும் உள்ள உறவை மக்கரிசன் துரை ஆராய்ந்துகொண்டிருந்தார். (குத்தின அரிசிக்கும் மில்லில் தீட்டின அரிசிக்கும் உள்ள வித்தியாசத்தை நெல் விளைகிற நமக்கு எடுத்துக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். நம் வீட்டுப் பெண்கள் நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது, தவிட்டோரத்துச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிப் பெரிபெரி என்ற கால் விளங்காத நோயைத் தடுக்கிறது.)

பம்பாய்ப் பெண்கள் தின்ற உணவையே வில்ஸ் அம்மையார் எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்ததில் குணமும் தெரிந்தது. காரியம் முடிந்துவிட்டது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த எலிகளுக்கு வேறொரு வியாதி இருந்தது. பேன் பரப்புகிற பார்ட்டொனெல்லா என்ற கிருமி அவற்றின் இரத்தத்தில் ஏற்கெனவே குடியிருந்து, சோகையை உண்டாக்கிக்கொண்டிருந்தது. எலி தன் சொந்த நோயால் இளைத்ததை, மனுஷியின் நோய் என்று எண்ணியிருந்தார்கள்! அதன்பின் அவர் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். சாகக்கிடந்த ஒரு குரங்குக்கு, ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான களிம்பைக் கொடுத்துப் பார்த்தார், அது எழுந்துகொண்டது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-இல் இதை உலகத்துக்கு அறிவித்தார். அந்தக் களிம்பிலிருந்த சத்தே பிற்பாடு கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

இப்போது அந்தப் பெண்ணின் உத்தியோகம் என்னவென்று பாருங்கள். எலிக்கு இயல்பாக என்னென்ன நோய் வரும், வயதானால் அதன் சிறுநீரகம் எப்படியிருக்கும், எந்தக் கேடு மருந்தால் வந்தது, எது கூண்டின் அழுக்கால் வந்தது என்பதெல்லாம் மிருக வைத்தியம் படித்தவர்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இல்லாவிட்டால், நூறு எலிகள் ஒரு பொய்யை நிரூபிப்பதற்காகச் சாகும். பிறகு அந்தப் பொய்யைத் திருத்த இன்னொரு நூறு சாகும். ஆகையால் அவள் சீவிப் பார்ப்பது பாவமல்லவென்று பதில் எழுதினேன். கண் அசந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் பாவம். மேலதிகாரிக்குப் பிடித்த முடிவு வரவில்லையென்று அதை மறைப்பது அதனிலும் பெரிய பாவம். இந்த விஷயத்தில் சோம்பலான விஞ்ஞானமே கொடூரம்.

மிருகத்திடம் கொடூரம் பழகினவன் மனிதனிடமும் கொடூரனாவான் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் எச்சரித்தார். உண்மைதான், ஆனாலும் அது மாத்திரம் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. மனிதனை உண்டாக்குமுன்பே சர்வேசுரன் மிருகங்களை உண்டாக்கி, அவற்றை நல்லதென்று கண்டார். அந்த நன்மை நமக்குப் பிரயோசனப்படுவதால் வந்ததன்று.

சோதனைச்சாலைக்காரர்கள் மிருகத்தைக் கொன்றதை 'பலி கொடுத்தோம்' என்று எழுதுகிற வழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. பலி என்பது தனக்குரியதைத் தான் மனமுவந்து கொடுப்பது. குன்னூர்க் குரங்கு தன்னை ஒப்புக்கொடுக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டோம் என்றே எழுதினால், எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கும் கூடவே வரும்.

அந்தக் கணக்குக் கேட்க இன்று சட்டம் இருக்கிறது. ராஜ்யசபையில் ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார் மன்றாடியதன் பலனாக, 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி பரிசோதனைகளை மேற்பார்க்க ஒரு கமிட்டி உண்டு. தேவையும் காலத்தோடு மாறுகிறது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. 2005-ஓடு அது நம் நாட்டில் வழக்கொழிந்தது. கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து செய்த மருந்து வந்துவிட்டது. அன்றைக்கு ஆட்டைக் கொன்றது தேவை. இன்றைக்கு அதே மருந்துக்காகக் கொன்றால் தேவை என்று சொல்ல முடியாது. 2023-இல் மருந்துப் பரிசோதனை விதிகளைத் திருத்தி, மிருகமில்லாத முறைகளுக்கும் அரசாங்கம் இடங்கொடுத்திருப்பது நல்லது.

எலிகளுக்காக வருத்தப்படுகிற நாம் நம் வீட்டையும் ஒரு தடவை பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அந்தப் போலிக் அமிலமே. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று அதை அடுப்படி மாடத்தில் போட்டுவைக்கிற வீடுகளைப் பங்கில் நான் பார்த்திருக்கிறேன். கறுப்பாகப் போவதில் கெடுதல் ஒன்றுமில்லை. குமட்டினால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். எந்த வேளையில் எப்படிச் சாப்பிடுவதென்று அவர் வழி சொல்வார்.