சட்டமும் அறமும்: மாணாக்கர்க்கு மதுவிலக்குப் போதிக்கும் முறை



ஆன்மாக்களின் அறிவை அநாதியே மறைத்து நிற்பது ஆணவமலம் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. அம்மறைப்பு நீங்குதற்பொருட்டே திருவருளாலே தேகமும் கருவிகளும் நமக்குத் தரப்பட்டன. இயல்பாகவுள்ள இருளை நீக்கப் பெற்ற இவ்வுடம்பிலே, காசு கொடுத்து வேறோர் இருளையும் வாங்கி ஊற்றுவது எத்துணைப் பேதைமை! மதுவைப் பற்றி மாணாக்கர்க்குச் சைவ ஆசிரியர் சொல்லவேண்டிய முதல் வார்த்தை இதுவேயாம்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் வாளா இருந்தாரல்லர். கள்ளுண்டலை மகாபாதகங்களுள் ஒன்றாக எண்ணினர். திருவள்ளுவநாயனார் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்றுமூன்றாம் அதிகாரமாகப் பொருட்பாலிலே வைத்தருளினார். புலான்மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர் இதனைப் பொருட்பாலில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. மதுவினாற் கெடுவது உண்பவன் ஒருவனது புண்ணியம் மாத்திரமன்று. குடும்பத்தின் பொருளும் மானமும் ஊரின் ஒழுங்கும் உடன்கெடும். ஆறுமுகநாவலரவர்களும் தமது நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலைத் தனிப்பாடமாக அமைத்தார்கள். நூல்களுக்குக் குறைவில்லை, அவற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோர்தாம் குறைவு.

கல்முனைக் கரையிலே வாழும் நமக்கு இக்குறை நன்கு புலப்படும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்னும் ஊர்களில் முஸ்லிம் மக்களும், பாண்டிருப்பு, பெரியநீலாவணை, காரைதீவு என்னும் ஊர்களிற் சைவ மக்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். முஸ்லிம் பிள்ளை ஓதத் தொடங்கும் இளம்பருவத்திலேயே மது தன் மார்க்கத்தில் ஹராம் என்று அறிந்துகொள்ளுகின்றது. நம் பிள்ளையோ தன் சமயமும் அதனை விலக்கியது என்று ஒருவராலும் சொல்லப்படாமலே பதினாறு வயதை அடைந்துவிடுகின்றது. அயலார் மார்க்கத்தைக் கண்டு பொறாமைப்படவேண்டுவதில்லை. நம்மிடம் உள்ளதை நாம் கொடாதிருத்தலுக்கே நாணவேண்டும்.

அவர்களிடத்துக் கற்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. குர்ஆனிலே மதுவிலக்கு ஒரே நாளில் விதிக்கப்படவில்லை. அதனால் விளையும் நன்மையினும் தீமை பெரிதென்பது முதலிலும், மயக்கத்தோடு தொழுகைக்கு நெருங்கலாகாதென்பது பின்பும், முற்றாக விலக்கவேண்டுமென்பது இறுதியிலும் படிப்படியாக வந்தன. போதகர்க்கு இது நல்லதொரு முறை. காரணத்தை முதலிற் காட்டி, ஒழுக்கத்தை அதன்பின் வைத்து, விலக்கை முடிவிலே நிறுத்துக.

காரணத்தைக் காட்டுமிடத்து இக்காலத்து வைத்திய நூலை விட்டுவிடலாகாது. மதுசாரம் உடம்பினுள்ளே அசற்றல்டிகைட்டு என்னும் நஞ்சாக மாறி உயிரணுக்களைச் சிதைக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர்நிலையம் 1988 ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பிலே சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டிலே, உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை என்று அறிவித்தது. மனிதமூளை இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டிருத்தலால், இளைஞர்க்கு உண்டாகும் கேடு பெரிது. கசிப்பிலோ, அது கள்ளத்தனமாகக் காய்ச்சப்படுதலால், இன்னது கலந்துள்ளதென்று ஒருவரும் அறியார். மெதனோல் கலந்திருப்பின் கண் குருடாகும், உயிரும் போம்.

"பியர் மது அன்று, சாராயமே மது" என்று பிள்ளைகள் தம்முட் பேசிக்கொள்வதுண்டு. இதனைக் கணிதபாடத்திலே தீர்த்துவிடலாம். நூற்றுக்கு 5 பங்கு மதுசாரமுள்ள பியர் 625 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் ஏறக்குறைய 31 மில்லிலீற்றர் மதுசாரம் உளது. மூன்றிலொரு பங்கு மதுசாரமுள்ள சாராயம் 93 மில்லிலீற்றரிலும் அத்துணையே உளது. பாத்திரம் வேறு; நஞ்சு ஒன்றே. மாணாக்கன் தானே கணக்கிட்டுக் கண்ட உண்மையைப் பின்பு எவராலும் அவனிடமிருந்து பறித்தல் இயலாது.

இனிச் சட்டத்தைக் கூறுவாம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பாதவர்க்கு மதுசாரம் விற்பது குற்றம். பெரியவர் ஒருவர் ஏவக் கடைக்குச் செல்லும் சிறுவனுக்கு விற்பதும் அத்தகையதே. மதுசாரத்தை விளம்பரஞ்செய்தலையும் அச்சட்டம் தடுக்கின்றது. அனுமதிப்பத்திரமின்றி மது காய்ச்சுதலும் விற்றலும் 1912 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மதுவரிக் கட்டளைச்சட்டத்தின்படி தண்டிக்கப்படும். இவற்றை மாணாக்கர் தெளிவாக அறிதல்வேண்டும்.

ஆயினும், சட்டத்தை மாத்திரம் போதித்து நிறுத்துவோமாயின் பெரியதோர் இடர் விளையும். "21 வயதுவரை கூடாது" என்பதை இளைஞன் "21 வயதில் ஆகும்" என்றே கேட்பான். விலக்கானது நாட்குறிக்கப்பட்ட உத்தரவுச் சீட்டாக மாறிவிடும். சட்டம் விற்பவனைக் கட்டும். அறமோ உண்ணக்கருதுபவனது நெஞ்சைக் காக்கும். சட்டம் 21 ஆம் வயதில் ஒதுங்கிக்கொள்ளும்; அறம் இறுதிமூச்சுவரை உடன்வரும். ஆதலால் சட்டத்தை வேலியாகவும் அறத்தைப் பயிராகவும் வைத்துப் போதிக்க. பயிரில்லாத நிலத்துக்கு வேலி எற்றுக்கு?

இந்நெறியிற் பிள்ளைகளை நடத்துதற்கு நம் கோயில்களே சான்று தருகின்றன. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிலே தீமிதிக்க நேர்ந்தவர்கள் விரதகாலத்தில் மதுவைத் தீண்டார். நெருப்பின்மேல் நடப்பதற்குத் தூய்மை வேண்டுமெனின், அதனினும் கொடிய இவ்வுலக வாழ்க்கையின்மேல் நடப்பதற்கு அது வேண்டாவோ? விரதநாளிற் கைகூடிய அடக்கத்தை விரதம் முடிந்த மறுநாளும் காப்பதே அம்மனுக்கு உகந்த நேர்த்தி என்று சொல்லிக்கொடுக்க.

மிகவும் கவனிக்கத்தக்க காரியம் ஒன்றுண்டு. நாம் குடியின் இழிவை எடுத்துரைக்கும்போது, குடிகாரத் தந்தையின் பிள்ளையும் நம்முன் இருக்கக்கூடும். அப்பிள்ளை முந்தின இரவு உண்ணாமலும் உறங்காமலும் வந்திருக்கும். குடிகாரரைப் பழித்து வகுப்பைச் சிரிக்கச்செய்வோமாயின், அச்சிரிப்பு அக்குழந்தையின் நெஞ்சிலே தைக்கும். அது பாடசாலையை வெறுக்கும். நாம் காக்கப் புகுந்த பிள்ளையை நாமே இழப்போம். மதுவைப் பழிக்க; மதுவுக்கு அடிமையானவனைப் பழியற்க. அவன் நோயாளி. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் உண்டாகி உயிர்க்கே மோசம் நேர்தலுமுண்டு. ஆதலால் அவனை வைத்தியசாலைக்கு அனுப்புதலே நன்று. பிள்ளையைத் தனியே அழைத்து, "இஃது உன் குற்றமன்று" என்று சொல்லுக. அவ்வொரு வார்த்தை பத்துப் பிரசங்கத்தினும் மேலானது.

யாம் மிஷனாரால் நிறுவப்பட்ட பாடசாலையிலே கற்றவர்கள். நாவலரவர்களும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றார்கள். காரைதீவில் 1892 இல் அவதரித்த விபுலாநந்த அடிகளாரும் மிஷன் பாடசாலைகளிலே கற்றவர்களே. வெஸ்லியன் சபையார் மதுவிலக்கிலே பெரிதும் முயன்றவர்கள். ஆகவே, மதுவை விலக்குக என்னும் போதனை இக்கரையிலே மசூதியிலும் தேவாலயத்திலும் கோயிலிலும் ஒருங்கே ஒலிக்கத்தக்கது. சமயங்கள் பல விஷயங்களில் வேறுபடினும் இதிலே கைகோத்து நிற்றல் கூடும். மூன்று சமயத்து ஆசிரியர்களும் கூடி இதனை எடுத்துப் போதிப்பின் இளைஞர் செவிக்கொள்வர்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். மாணாக்கன் நம் நாவைப் பார்ப்பதினும் நம் நடையையே மிகுதியாகப் பார்க்கின்றான். பகலிலே மதுவிலக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் மாலையிலே தவறணை வாயிலிற் காணப்படுவாராயின், அவர் நடத்திய பாடம் இரண்டாவதே. பிள்ளை மறவாததும் அதுவே. திருநீறிட்ட நெற்றியும் தெளிந்த அறிவுமாக மாணாக்கர்முன் நிற்பதே நமக்குச் சிவபூசை.

எல்லாம்வல்ல சிவபெருமான் நம் பிள்ளைகளின் அறிவுக்கு ஒளியாய் நின்று காத்தருளுக.

திருச்சிற்றம்பலம்.