மேடையில் ஒலிக்கும் வசனம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கொன்றில் தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் அரங்கேறவிருந்தது. பிரதியைத் திருத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு நற்செய்திகளையும் அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தேன். நற்செய்திகளில் இல்லாத வெரோனிக்காவை நீக்கினேன். இயேசுவின் இரத்தப்பழியைத் தங்கள்மேலும் தங்கள் பிள்ளைகள்மேலும் ஏற்பதாக மக்கள் கூவும் காட்சியை, மத்தேயுவில் உள்ளதால், அப்படியே விட்டேன். விவிலியத்துக்கு உண்மையாயிருந்தேன் என்ற நிறைவு எனக்கு.

நாடகம் முடிந்த இரவில் பீடச்சிறுவன் ஒருவன் கேட்டான்: “சாமி, யூதருன்னா எல்லாருமே கெட்டவங்களா?”

இயேசுவும் அன்னை மரியாவும் யூதர்களே என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவ்வினா என்னைவிட்டு அகலவில்லை. எழுத்துப் பிசகாத என் நாடகம் அவனுக்கு எதைக் கற்பித்தது?

இதே வினாவை நம்மினும் பெரிய மேடையொன்று எதிர்கொண்டது. செருமனியின் பவேரியா பகுதியிலுள்ள ஓபராமர்காவ் ஊரார், கொள்ளைநோயினின்று காக்கப்பட வேண்டி 1633-இல் நேர்ச்சை செய்து, 1634 முதல் திருப்பாடுகளின் நாடகத்தை நடித்து வருகின்றனர். யூதரைக் கொடியவராய்ச் சித்திரித்த அந்நாடகத்தை, அதன் 300-ஆம் ஆண்டான 1934-இல் கண்டவர்களுள் இட்லரும் ஒருவர். பக்தியில் பிறந்த கலை பகைமைக்கும் தீனியாகலாம் அன்றோ? இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக்கியது. நெடிய விவாதங்களுக்குப்பின், 2000-ஆம் ஆண்டு நாடகத்தில் அக்கூக்குரல் நீக்கப்பட்டது.

நற்செய்தியைக் குறைக்க நாடகக்காரருக்கு உரிமை ஏது எனச் சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வியே. திருவழிபாட்டில் அவ்வசனத்தை நாம் வாசிக்கிறோம், வாசிக்கவும் வேண்டும். ஆயின், அங்கே அது தனித்து நிற்பதில்லை. பாவமன்னிப்புக்காகச் சிந்தப்படும் இரத்தத்தைப் பற்றி அதே மத்தேயு முந்திய அதிகாரத்தில்தான் கூறுகிறார். பேதுரு மறுதலித்ததையும் சீடரெல்லாரும் ஓடியதையும் மறைக்காது எழுதுகிறார். மேடையிலோ நூறு தொண்டைகள் ஒருசேர முழங்கும்போது ஏனையவை செவியில் தங்குவதில்லை.

ஆகவே, உண்மையாயிருத்தல் என்பது வசனங்களைக் கணக்கெடுப்பதன்று. காட்டிக்கொடுப்பவன் தங்களுள் ஒருவனே என ஆண்டவர் கூறியபோது, சீடர் அயலவனைச் சுட்டவில்லை. ஒவ்வொருவரும் தம்மையே ஐயுற்றனர். பார்ப்போரை அந்த ஐயத்துக்கு அழைத்துவரும் நாடகமே நற்செய்திக்கு உண்மையானது. குற்றவாளியை எங்கோ நிறுத்திவிட்டு நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் நாடகம், ஓரெழுத்தும் பிசகாதிருப்பினும், பொய்யே சொல்கிறது.

வெரோனிக்கா நற்செய்தியில் இல்லைதான். எனினும், துன்புறுவோரின் முகத்தைத் துடைக்க நம் கையில் துணி இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். அடுத்துச் சென்ற பங்கில் அவளை மீண்டும் மேடையேற்றினேன், கூக்குரலை நீக்கினேன். அச்சிறுவனுக்கு நான் அன்றே தந்திருக்க வேண்டிய மறுமொழி அதுவே.